அறுபத்தெட்டு பிரேம்

இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் படச்சுருளின் இரண்டு ஓரங்களையும் லேசாகப் பிடித்திருந்தன. வலது கை கைப்பிடியைச் சுற்றியது. ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்குப் படம் போய்க்கொண்டிருந்தது. ஆபரேட்டரின் பார்வை அதில் இல்லை, எதிர்ச்சுவரில் இருந்தது. சட்டென்று கைப்பிடி நின்றது.

"இங்க ஒருத்தன் தபால்தலை ஒட்டுற மாதிரி ஒட்டியிருக்கான்" என்றார்.

விரல் நின்ற இடத்தில் ஓர் ஒட்டு. இதற்கு முன் படம் ஓடிய ஏதோ ஒரு தியேட்டரின் ஆபரேட்டர் ஒட்டியது. அவர் அதை மெல்ல வளைத்தார். ஓரம் பிரிந்து கொண்டது.

"பாரு, ஊதினா பறக்குது. சாப்பிட்ட கைய கழுவாம ஒட்டியிருப்பான்."

காலை ஒன்பதரைக்கு இந்த வேலை தொடங்கும். முதல் காட்சி பதினொன்றுக்கு. அதற்குள் அன்று ஓட வேண்டிய அத்தனை ரீல்களும் அவர் விரல்களுக்கிடையே ஒரு தடவை போய் வந்துவிட வேண்டும். எங்கே கிழிசல், எங்கே ஒட்டு விட்டிருக்கிறது, ஓரத்து ஓட்டைகளில் எது பிய்ந்திருக்கிறது என்று விரல் சொல்லும். அதனால் விரல் நுனிகளில் மயிரிழை போன்ற வெட்டுகள். துணிக் கையுறை ஒரு ஜோடி ஆணியில் தொங்குகிறது, புதிதாகவே இருக்கிறது. ஏன் போடுவதில்லை என்று கேட்டேன்.

"கையுறை போட்டுக்கிட்டு நாடி பாக்க முடியுமா?"

நான் அந்தத் தியேட்டருக்கு விளம்பரக் கண்ணாடி ஸ்லைடுகள் எழுதித் தருபவன். வாரத்தில் மூன்று நாட்களாவது அந்த அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு மெஷின்கள், ஒட்டும் மேசை, ஒரு சாய்வில்லாத ஸ்டூல், சுவரில் கடிகாரம். வேறு தியேட்டர்களில் ஆபரேட்டர் அறைச் சுவரைப் பார்த்திருக்கிறேன். கதாநாயகிகளின் முகங்கள் துண்டு துண்டாக ஒட்டியிருக்கும். இங்கே சுண்ணாம்புதான்.

கீழே அவருக்குப் பெயர் கத்திரி. கேட்காரர் தினமும் வாசலில் மறிப்பார்.

"கத்திரி அண்ணே, புதுப்படம் எப்படி?"

"ஏழு ஒட்டு. நல்ல படம்."

"போன வாரம் ஓடிச்சே, அது?"

"நாப்பதுக்கு மேல. பொண்டாட்டி புள்ளையோட போயிராத."

கதை அவருக்குத் தெரியாது. கதாநாயகன் செத்தானா பிழைத்தானா என்று சொல்லத் தெரியாது. அவன் சாகிற ரீலில் இரண்டு ஒட்டு என்று தெரியும். யாராவது ஒரு பேச்சைத் தொடங்கிப் பாதியில் விட்டால், "ஒட்டு விட்டுப்போச்சு, மறுபடி ஆரம்பி" என்பார். தினமும் நகம் வெட்டுவார். பஸ் டிக்கெட்டைக் கிழித்துப் போடும்போதுகூட எழுத்துகளுக்கு நடுவே நேராகக் கிழிப்பார்.

ஒட்டும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். ஒரு பிரேமுக்குப் பக்கத்துக்கு நான்கு ஓட்டை. இரண்டு பிரேம்களுக்கு நடுவிலுள்ள கோட்டில் கத்தரி விழ வேண்டும். "ஒரு ஓட்டை தப்பிச்சின்னா கால் மேல போயிரும், தலை கீழ வந்துரும். ஜனம் நம்ம தலைய கேக்கும்." ஒரு முனையில் ஈரம் தொட்டு, படம் பதிந்திருக்கும் பூச்சைப் பிளேடால் சுரண்டுவார். அதிகம் சுரண்டினால் முறியும். குறைவாகச் சுரண்டினால் ஒட்டாது. பிறகு ஒட்டுத் திரவம். தூரிகையை ஒரே ஒரு தடவை இழுப்பார்.

"ஒரு இழுப்பு போதும். ரெண்டாவது இழுப்பு பயத்துக்குப் போடுறது. பயந்து ஒட்டினது நிக்காது."

அழுத்திப் பிடித்துக்கொண்டு இருபது எண்ணுவார். அதுவரை மூச்சு விடமாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஒவ்வொரு ஒட்டுக்கும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு பிரேமாவது போகும். போனவற்றை ஒரு காகித உறையில் போட்டு, எந்த ரீல், எத்தனை பிரேம், என்ன காரணம் என்று படிவத்தில் எழுதிப் படப்பெட்டிக்குள் வைப்பார். பெட்டி அடுத்த தியேட்டருக்குப் போகும்போது உறையும் போகும். அந்தப் படிவத்தை யாரும் படிப்பதில்லை என்று மேனேஜர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு துண்டைக்கூட இவர் வீட்டுக்குக் கொண்டு போனதில்லை.

அவருக்கு ஒரே மகன். ஆறு வருடமாக வீட்டில் இல்லை.

அச்சகம், சைக்கிள் கடை, மரக்கடை என்று எங்கும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்காத பையன். ஒருநாள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தியேட்டரில் அவனுக்கு ஏதாவது வேலை கேட்டுப் பார்க்கக் கூடாதா என்று மனைவி கேட்டிருக்கிறாள். இவர் தட்டிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாராம்:

"ஒரு ரீல்ல நாலு பிரேம் கெட்டுப்போச்சுன்னா என்ன செய்வோம்? வெட்டிட்டு ஒட்டுவோம். படம் பாட்டுக்கு ஓடும்."

பையன் சாப்பிட்டு முடித்தான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். அவ்வளவுதான். இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி. தையல்கடைகளிலிருந்து சட்டை வாங்கி வந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பவள். நான் கொடுத்த சட்டையில் காஜா எடுத்தபடியே, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, இதையும் சொல்லி முடித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை புதிதாக ஒரு படம் வந்தது. சனிக்கிழமை பகல்காட்சி முடிந்த சமயம் இரும்புப் படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வருவது கேட்டது. அவர் மனைவி. அதுவரை அவள் அந்த அறைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

"அவன் இருக்கான்" என்றாள்.

"யாரு?"

"யாரா? எத்தன பேர பெத்து வச்சிருக்கோம்?"

இவர் காலிச் சக்கரத்தைக் கழற்றத் தொடங்கினார்.

"பக்கத்து வீட்டுக்காரி நேத்து பாத்துட்டு வந்து சொன்னா. நான் நம்பல. இப்ப என் கண்ணால பாத்துட்டேன். ஏணி தூக்கிக்கிட்டு போறான்."

"இது சினிமாடி. ஏணி தூக்குறவனெல்லாம் உன் புள்ளையா?"

"வலது தோள எறக்கிக்கிட்டு நடக்குறான். அது யாரு நடைன்னு எனக்குத் தெரியாது? உங்கள முப்பது வருஷமா பின்னாலேருந்து பாக்குறேன்."

அவள் போனபிறகு ஐந்தாவது ரீலை எடுத்து மேசையில் மாட்டினார். அடியில் விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடியை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். பெரிய கட்டடம் ஒன்றின் படிகளில் கதாநாயகன் இறங்கி வருகிறான். சுற்றிலும் கூட்டம். பின்னால் இடப்பக்கமிருந்து ஏணி ஒன்று வருகிறது, அதற்குப் பின் அதைச் சுமந்தவன். கூட்டம் குறுக்கே வர, நிற்கிறான். திரும்பிப் பார்க்கிறான். காமிராவைப் பார்க்காதே என்று சொல்லியிருப்பார்கள், அதனால்தான் பார்த்திருக்கிறான். பிறகு போய்விடுகிறான்.

ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். அறுபத்தெட்டு பிரேம். திரையில் மூன்று விநாடிகூட இல்லை. அதில் முகம் தெரிவது இருபத்துமூன்று.

வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது, "எளச்சுட்டான்" என்றார்.

மகனின் விலாசம் கேட்டுப் படக் கம்பெனிக்குக் கடிதம் போட்டார். கூட்டத்துக்கு ஆள் பிடித்துத் தருகிறவன் வேறு, அவன் தலையை எண்ணுவானே தவிரப் பெயரை எழுத மாட்டான் என்று மேனேஜர் சொன்னார்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் பகல்காட்சிக்கு அவள் வந்தாள். கடைசிக்கு முந்திய வரிசை, நடைபாதையை ஒட்டிய நாற்காலி. கேட்காரர், "உள்ள போங்க அண்ணி, உங்களுக்கு என்ன டிக்கெட்டு" என்பார். அவள் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் போவாள். ஐந்தாவது ரீலில் அந்த இடம் முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். சட்டைகள் காத்திருக்கும்.

வியாழன் மாலை பெட்டி அடுத்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்ததும், செவ்வாய்க்கிழமை மறுபடி மேலே ஏறி வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு வெட்டிக் குடுங்க. திரும்பிப் பாக்குறானே, அதுல ஒண்ணு."

"முடியாது."

"நெகம் அளவு துண்டு. யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒண்ணுன்னாலும் வெட்டு வெட்டுதான். வெட்டினா ஒட்டணும். ஒட்டினா இன்னும் ரெண்டு போகும். நல்லா இருக்குற எடத்துல யாராவது கத்தரி வைப்பானா?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்லைடைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"பெத்த புள்ளைய வெட்டுன்னு சொல்ல வாய் வந்துச்சு. இத வெட்டக் கை வரலியா?"

படியில் இறங்கும்போது அவள் ஒரு தடவைகூடக் கைப்பிடியைப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை காலை, ஐந்தாவது ரீல் விரல்களுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தபோது கைப்பிடி நின்றது. இந்தத் தடவை அவர் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு விளக்கைப் போட்டார். படத்தின் ஒரு பக்க ஓட்டைகள் வரிசையாகப் பிய்ந்திருந்தன. முந்தைய நாள் ஏதோ ஒரு காட்சியில் பல்சக்கரம் கடித்திருக்கிறது. ஓட்டை பிய்ந்த படம் மெஷினில் நிற்காது, வெட்டிவிட வேண்டும். எங்கே என்று எட்டிப் பார்த்தேன். ஏணி நின்றுவிட்டது. அவன் திரும்புகிறான். அங்கே தொடங்கி அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வரைக்கும் பிய்ந்திருந்தது.

மேனேஜர் வந்தார். பார்த்தார்.

"வெட்டித் தொலைங்க ஆபரேட்டரே. ஒரு விநாடி சமாச்சாரம். நாளையோட பெட்டி போகுது."

"வெட்டல."

"யாரு பேசறது? கத்திரியா பேசறது?"

"ஓரத்துக்கு ஒட்டுப் போட்டு ஓட்டுறேன்."

"நேரம் இருக்கா?"

"இருக்கு."

வெட்டுவது அவருக்கு விதி. வெட்டியிருந்தால் விதிப்படியே அவன் முகம் இருபத்துமூன்று துண்டுகளாகக் கையில் வந்திருக்கும். அதில் ஒன்று குறைந்தால் அவள் சொன்னது போல யாருக்கும் தெரியாது. இது அவருக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் ஒதுக்கினாரா என்று எனக்குத் தெரியாது. அன்று பகல்காட்சியில் அவள் வந்து உட்காரும்போது அவன் திரையில் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே அவர் மனத்தில் இருந்தது போலிருந்தது.

கழிவுப் படத்திலிருந்து ஓட்டைகளோடு கூடிய ஓரத்தை மெல்லிய நாடாவாகக் கத்தரித்தார். அதைப் பிய்ந்த ஓரத்தின் மேல் ஓட்டைக்கு ஓட்டை பொருத்தி வைத்தார். தூரிகையை எடுத்து இழுத்தார். அழுத்தினார். இருபது எண்ணினார். கையை எடுத்துப் பார்த்தார். பிறகு தூரிகையைத் திரும்பவும் திரவத்தில் தோய்த்து, இன்னொரு தடவை இழுத்தார்.

நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

பதினொரு மணிக் காட்சியில் அந்த இடம் ஓடியது. கடகடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "பாத்தியா" என்றார்.

பகல்காட்சிக்கு அவள் வந்தாள். ஐந்தாவது ரீல் தொடங்கியதும் அவர் மெஷினின் பக்கத்திலேயே நின்றார். விளக்கை மறைக்கும் தகட்டின் பிடியில் கை. படம் நின்றால் ஒளிக்குத் தாங்காது. ஒரு விநாடியில் பொசுங்கும். மோட்டார் நின்றால் தகடு தானே விழும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க, படம் மட்டும் சிக்கினால், அதைக் கையால்தான் போட வேண்டும். இருபத்தாறு வருடமாக அவர் கண் அந்த நேரங்களில் மெஷினை விட்டு நகர்ந்ததில்லை.

இரண்டாவது இழுப்பின் திரவம் ஓட்டைகளுக்குள் கசிந்து இறுகியிருந்தது. காலைக் காட்சியில் பற்கள் எப்படியோ நுழைந்துவிட்டன. இப்போது நுழையவில்லை.

மரம் அறுப்பது போல ஒரு சத்தம் வந்தது. நான் சுவரிலிருந்த சிறு கண்ணாடி வழியே திரையைப் பார்த்தேன். கதாநாயகன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டான். கூட்டம் நின்றுவிட்டது. பின்னால் ஏணியோடு அவன் நின்று, நேராக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆபரேட்டரும் அவனைப் பார்த்தார். மெஷினைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். கை தகட்டின் பிடியில்தான் இருந்தது.

கன்னத்துக்குக் கீழே ஒரு பழுப்புப் புள்ளி விழுந்தது. அது கொப்பளித்துக்கொண்டு அகன்றது. வாய், கண், ஏணி எல்லாவற்றையும் தின்றுகொண்டு போய் வெள்ளையாயிற்று. அதற்குப் பிறகுதான் தகடு விழுந்தது. அவர் மெஷினில் படம் ஒளியைத் தாண்டிப் போகும் கொதிக்கும் இடுக்குக்குள் விரல்களை நுழைத்துப் படத்தைப் பிடுங்கினார். உள்ளே விசிறிபோல மடிந்து கசங்கியிருந்தது.

கீழே விசில் பறந்தது.

"யோவ் ஆபரேட்டர்! தூங்கறியா?"

"கத்திரி, எங்க காசை வெட்டாத!"

யாரோ சிரித்தார்கள். விளக்கைப் போட்டார்கள். நான் கண்ணாடி வழியே தேடினேன். கடைசிக்கு முந்திய வரிசையில் அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு நிமிடம் கழித்து, அந்த இடத்தைத் தாண்டிப் படத்தை மாட்டி ஓட்டினார். அவர் வலது கை விரல்கள் மூன்றில் தோல் வெந்திருந்தது. மேனேஜர் மருந்து வாங்க ஆளனுப்பினார். அன்றிரவு வீட்டில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள், பேசினார்களா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் வியாழக்கிழமை. ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். வலது கையில் கட்டு. இடது கையால் கத்தரியைப் பிடித்து, கெட்ட பகுதி முழுவதையும் வெட்டி எடுத்தார். முப்பத்தொரு பிரேம். சுரண்டினார். தூரிகையை ஒரு தடவை இழுத்தார். இருபது எண்ணினார். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினார். கட்டுப்போட்ட கையில் பேனா சரியாக நிற்கவில்லை. ரீல்: ஐந்து. பிரேம்: முப்பத்தொன்று. காரணம் என்ற இடத்தில், ஆபரேட்டர் தவறு. மேனேஜர் படித்துவிட்டு, "பழைய ஒட்டுன்னு எழுதுங்க, யாரு கேக்கப் போறா" என்றார். அவர் திருத்தவில்லை. வெட்டிய துண்டுகள் இணைக்கப்பட்டுள்ளனவா என்ற கடைசிக் கேள்விக்கு, இல்லை என்று எழுதினார்.

பகல்காட்சிக்கு அவர் மனைவி வந்தாள். டிக்கெட் வாங்கினாள். அதே நாற்காலி. ஐந்தாவது ரீலில் ஏணியின் முன்முனை வந்தது. உடனே பின்முனை போயிற்று. படம் குதிக்கவில்லை, சத்தம் வரவில்லை, யாரும் விசிலடிக்கவில்லை. அவள் எழுந்து போகவில்லை. படம் முடியும்வரை இருந்தாள். கூட்டம் வெளியேறியது. கூட்டுகிறவர்கள் முன்வரிசையிலிருந்து பெருக்கத் தொடங்கினார்கள்.

நான் என் பெட்டியோடு பின்வாசல் வழியாக இறங்கி வந்தபோது, அவர் அந்த வரிசைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். அவளுக்கும் தனக்கும் நடுவே ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்தார். அவள் திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து காகித உறையை எடுத்து நடுநாற்காலியில் வைத்தார். அவை எழுந்தால் மடிந்துகொள்ளும் நாற்காலிகள். உறைக்கு எடை இல்லை. இருக்கைப் பலகை மேலே எழும்பப் பார்த்தது. அவர் கட்டுப்போட்ட கையை அதன்மேல் வைத்து, அது மடங்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.